விளையாட்டுகளைக் காக்கும் சட்டம் அவற்றை அருகச் செய்துவிடக் கூடாது: ஓசூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டம் ஓசூரில் சிறு குழுவாக வீடியோ கேம்களை உருவாக்கி வருகிறோம். விற்ற விளையாட்டை நிறுவனங்கள் தம் விருப்பப்படி முடக்குவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் ஐரோப்பாவில் வலுத்திருக்கிறது. அது இங்கும் எழும்போது, வரைவை எழுதும் முன்பே எங்களைப் போன்றோரின் நிலையையும் தாங்கள் கருத வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

கோரிக்கை நியாயமானது. 2014-இல் வெளியான 'தி க்ரூ' என்னும் கார் பந்தய விளையாட்டின் சர்வர்களை, அதாவது அதை இணையத்தில் இயக்கும் கணினிகளை, யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் அதைத் தனியாகக்கூட ஆட முடியாமல் போயிற்று. அதையொட்டித் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவில் ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். விற்றவரே பொருளைப் பறித்துக்கொள்வது அநீதி என்பதில் எங்களுக்கு எள்ளளவும் ஐயமில்லை. அதைத் தடுக்க எழுதப்படும் விதி யார் தலையில் விழும் என்பதே எங்கள் கவலை.

சேவை நின்ற பிறகும் விளையாட்டை ஆடத்தக்க நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்ற கடமை எல்லோருக்கும் ஒரே அளவில் விதிக்கப்பட்டால், பெரிய நிறுவனங்கள் விற்பதையே குறைத்துக்கொண்டு மாதச் சந்தாவுக்கு மாறிவிடும் என்று அஞ்சுகிறோம். விற்பனையே நடக்காத இடத்தில் வாங்கியவரின் உரிமை என்று காப்பதற்கு எதுவும் இராது. சிறு குழுக்களோ, பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் வசதியையே கைவிடுவார்கள்.

அவர்கள் அப்படிச் செய்வதற்குக் காரணம் உண்டு. சேவை நின்ற பிறகும் இணைய ஆட்டம் தொடர வேண்டுமானால், சர்வரை இயக்கும் மென்பொருளை ஆட்டக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆட்டக்காரர்களை இணை சேர்ப்பது, கணக்குகளைச் சரிபார்ப்பது, ஏமாற்று மென்பொருள்களைத் தடுப்பது ஆகிய பணிகள் ஒவ்வொன்றையும் நாங்கள் வேறு வேறு நிறுவனங்களிடம் உரிமம் பெற்றே நடத்துகிறோம். அவற்றின் நிரல்களைப் பிறருக்குக் கொடுக்க அந்த உரிமங்கள் இடம் தருவதில்லை. கேம்ஸ்பை என்ற இணைப்புச் சேவை 2014 மே 31 அன்று மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த ஏராளமான விளையாட்டுகளின் இணைய ஆட்டம், உருவாக்கியவர்கள் எந்தத் தவறும் செய்யாமலே பாதிக்கப்பட்டது. அத்தகைய நிலையில் உருவாக்கியவரைக் குற்றவாளியாக்குவது, இங்குள்ள சிப்காட்டின் சிறு பட்டறையிடம் அது வார்க்காத உதிரிபாகத்துக்கு உத்தரவாதம் கேட்பதற்கு ஒப்பாகும்.

தனிநபர் தரவும் கவனிக்கப்பட வேண்டும். நோக்கம் முடிந்தபின் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். சர்வர் முன்பின் அறியாதவர் கைக்கு மாறியபின், அங்கே ஆடும் சிறுவர்களின் உரையாடலுக்கும் விவரங்களுக்கும் யார் பொறுப்பு என்பதைப் புதிய சட்டம் தெளிவாகச் சொல்லாவிட்டால் பழி மீண்டும் எங்களிடமே வரும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. இணையச் சேவை குறைந்தது எந்த நாள் வரை இயங்கும் என்பதை விற்கும்போதே அறிவிக்கும் கடமையை எல்லோருக்கும் விதியுங்கள். அதை நாங்கள் மனமார ஏற்போம். தனியாக ஆடும் பகுதிக்குத் தேவையின்றி சர்வர் இணைப்பைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்யுங்கள். சர்வர் மென்பொருளை ஒப்படைக்கும் கடமையை நிறுவனத்தின் வருமானத்துக்கு ஏற்ப வரையறுத்து, சட்டம் வந்தபின் உருவாகும் விளையாட்டுகளுக்கு மட்டும் பொருத்துங்கள்.

இவற்றைவிட முக்கியமாக நாங்கள் கருதுவது, கைவிடப்பட்ட விளையாட்டுகளைப் பழுதுபார்த்து ஆட முனைவோருக்கும் நூலகங்களுக்கும் சட்டப் பாதுகாப்புத் தருவதாகும். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவு, உரிமை மீறும் நோக்கத்துடன், படைப்பை நகலெடுப்பதைத் தடுக்கும் தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு ஈராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பாதுகாக்கும் நோக்கம் அந்த வரம்புக்குள் வராது என்று வெளிப்படையாக எழுதப்படாதவரை எந்த நூலகரும் துணியமாட்டார். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு நூல்களின் படிகள் சென்று சேர்கின்றன. விளையாட்டுகளுக்கும் அத்தகைய ஏற்பாடு வந்தால் எங்கள் படைப்புகளை முதல் ஆளாக ஒப்படைப்போம். பதிப்புரிமை வணிக அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்பதால், இரு அமைச்சகங்களும் சேர்ந்தே இதைச் செய்ய இயலும்.

வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது அதன் தமிழ் வடிவத்தையும் வெளியிட்டு, ஓசூர், தருமபுரி போன்ற ஊர்களின் சிறு குழுக்கள் தமிழிலேயே மறுமொழி அளிக்கப் போதிய காலம் தருமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஓசூரின் ஒரு சிறு விளையாட்டு உருவாக்கக் குழுவினர்