பழைய சுவருக்குச் சுண்ணாம்பிலேயே சாம்பல் பச்சை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் நெருங்கினால் கும்பகோணம், பாபநாசம் பக்கம் பெயிண்டர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருஷம் வேலைக்குக் கூப்பிடுகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டி ஒரே நிறத்தைத்தான் காட்டுகிறார்கள்: சேஜ் கிரீன். வாழை இலையின் அடிப்பக்கம் சாம்பல் பூத்தாற்போல் வெளிர் பச்சையாக இருக்குமே, அந்த நிறம். நல்ல நிறம்தான். காவித் தரையும் தேக்குத் தூணும் உள்ள கூடத்தில் கண்ணுக்கு அவ்வளவு இதமாக இருக்கும்.

என் வருத்தமெல்லாம் அதை எதில் அடிக்கிறார்கள் என்பதில்தான். படத்தில் இருப்பது சிமெண்ட் பூச்சு போட்ட அடுக்குமாடி வீடு. நம் பழைய ஓட்டு வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியவை. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, மேலே எமல்ஷன் என்கிற பிளாஸ்டிக் பெயிண்டும் ஓட்டினால் அந்த வழி அடைபடுகிறது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவரில் மார்கழியிலேயே அடிக்கச் சொல்கிறார்கள். அப்படி அடித்த ஒரு வீட்டைப் பிறகு போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் கீறியதும் ஏடு ஏடாக உரிந்தது. உள்ளே வெள்ளையாய் உப்பு பூத்து, சாந்து மாவாகக் கொட்டியது.

அதே நிறத்தைச் சுண்ணாம்பிலேயே கொண்டுவரலாம். நீற்றிய சுண்ணாம்பைப் பால் பதத்தில் கரைத்து வடிகட்டி, பச்சை ஆக்சைடு பொடியைத் தனியே தண்ணீரில் குழைத்து ஊற்ற வேண்டும். கூடவே துளி கறுப்பு ஆக்சைடு, துளி மஞ்சள் ஆக்சைடு. பச்சையை அடக்குவது கறுப்பு. வாளியில் பார்த்து நிறத்தை முடிவு செய்யவே கூடாது; ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிவது காய்ந்தால் வெகுவாக வெளிறிவிடும். சுவரில் இரண்டடிக்கு அடித்துக் காயவிட்டு, முற்றத்து வெயிலில் ஒருமுறை, ராத்திரி விளக்கில் ஒருமுறை பாருங்கள். வெள்ளை எல்இடியில் சாம்பல் தூக்கலாகத் தெரியும். மஞ்சள் வெளிச்ச பல்பில் நிறம் கனிந்து வரும்.

சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே என்பார்கள். கெட்டியாகக் கரைத்து ஒரே கோட்டில் முடிக்கப் பார்ப்பதால் வருவது அது. சுவரை நனைத்து, நீர்க்க மூன்று கோட் ஓட்டி, ஒவ்வொன்றையும் காயவிட்டால், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துச் சுண்ணாம்பு சுவரோடு இறுகிவிடும். நனைத்து அடிக்கிற வேலை என்பதால் மார்கழிக்கும் பொருந்தும். ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் மட்டும் பிடிக்காது. முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

சுரண்டுவது என்றதும் இன்னொன்று. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் இந்த விஷம் கூடுதலாக இருக்கலாம். அதனால் பழைய ஜன்னல்களின் எனாமல் பெயிண்டை ஈரம் தடவித்தான் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.

சிமெண்ட் சுவர் வீட்டுக்காரர்கள் தாராளமாக எமல்ஷன் அடிக்கட்டும், ஆனால் சுவர் நன்றாகக் காய்ந்த பங்குனி, சித்திரையில்.

தங்கள் இணைப்பிதழில் நிறங்களின் படம் போடும்போது, எந்தச் சுவருக்கு, எந்த மாதத்தில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர்கள் டெல்டாவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு விவரமாக எழுதினால், எங்கள் பையன்களும் அந்த வேலையைக் கற்றுக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஒரு பெயிண்டர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்