கல் நட முடியாத எல்லை

தெசலோனிக்கி,
ஜூன் முதல் வாரம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இனிப் பொடி எழுத்தும் உன்னிடமிருந்து தப்பாது என்று எழுதியிருந்தாய். அந்தத் தைரியத்தில்தான் தாளின் இரண்டு பக்கத்தையும் நிரப்பப் போகிறேன். தங்கச்சியைப் படித்துக் காட்டச் சொல்லித் தொந்தரவு செய்யாதே. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொண்டு நீயே படி.

மகள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விடுகிறாள். நான் பால்கனியில் உட்கார்ந்து துறைமுகத்துக் கப்பல்களை எண்ணுகிறேன். பத்து நாளில் அது அலுத்துவிட்டது. "எங்கே போக வேண்டும், சொல்லுங்கள்" என்றாள். எல்லையோரக் கிராமம் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றேன். "கிரீஸுக்கு வருகிறவர்கள் தீவுக்குக் கூட்டிப்போகச் சொல்வார்கள், நீங்கள் ஒருவர்தான் இப்படி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். முப்பத்து நான்கு வருடம் நில அளவைத் துறையில் புலப்படத்தைச் சுமந்துகொண்டு எல்லைக் கல் தேடிய புத்தி எங்கே போகும்?

ஊரின் பெயர் ப்சராதெஸ். கிரீஸின் வடமேற்கு மூலை. புளோரினா என்ற நகரத்தைத் தாண்டியதும் சாலை மலையேறுகிறது. ஒரு கணவாயைக் கடந்து இறங்கினால் கீழே இரண்டு ஏரிகள் தெரிகின்றன. பெரிய பிரெஸ்பா, சின்ன பிரெஸ்பா. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓடை காலம்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மண் ஒரு மெல்லிய வரப்பாகக் கிடக்கிறது. அதன் மேல்தான் சாலை. சின்ன ஏரியின் நீர்மட்டம் சற்றே உயரம். ஒரு மதகு வழியாகப் பெரியதில் வழிகிறது. வரப்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் சாலை தீர்ந்துவிடுகிறது. அங்கே ஒரு சிறு குடாவைச் சுற்றிக் கல் வீடுகள், கரையில் மரப்படகுகள். அதற்கு அப்பால் போகத் தண்ணீர்தான் வழி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரம் என்பதால் ஜூன் மாதத்திலும் காலையில் கம்பளிச் சட்டை கேட்கிறது.

ஊருக்குள் நுழைந்ததும் எதிரே வந்தவை மாடுகள். நம் பக்கத்துப் புங்கனூர் மாட்டைப் போல அத்தனை குட்டையில்லை என்றாலும், கண்டதும் அந்த நினைவுதான் வந்தது. குட்டைக் கொம்பு, சிறிய உடல். இந்தப் பக்கத்துக்கே உரிய பழைய இனமாம். யாரும் ஓட்டாமல் அவையே ஏரிக்கரைக்குப் போய் நாணல் நடுவே மேய்ந்துவிட்டுத் திரும்புகின்றன.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊர் உலகச் செய்தியில் ஒரே ஒரு நாள் இடம்பிடித்தது, 2018 ஜூன் 17. உனக்கு நினைவிருக்கலாம். யூகோஸ்லாவியா சிதறியபோது 1991இல் மாசிடோனியா தனி நாடானது. அந்தப் பெயர் எங்களுடையது, அலெக்சாந்தரின் நாடு எங்கள் வடக்குப் பகுதி, அதை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கிரீஸ் மறித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் அந்த நாடு 'முன்னாள் யூகோஸ்லாவியக் குடியரசான மாசிடோனியா' என்ற நீளமான பெயரோடு உட்கார வேண்டியிருந்தது. 2008இல் நேட்டோ கதவும் இதே காரணத்தால் திறக்கவில்லை. கடைசியில் இந்தக் குடாவின் கரையில் ஒரு கூடாரம் போட்டு, கிரீஸின் சிப்ராஸ், மாசிடோனியாவின் ஸாயெவ் என்ற இரண்டு பிரதமர்களும் பார்த்துக்கொண்டிருக்க, வெளியுறவு அமைச்சர்கள் கையெழுத்திட்டார்கள். அந்த நாடு வடக்கு மாசிடோனியா ஆயிற்று. இருபது வருடத்துக்கு மேல் சமரசம் பேசியே வயதாகிப்போன மாத்யூ நிமெட்ஸுக்கு அன்று 79ஆவது பிறந்தநாள். பிறகு எல்லோரும் படகேறி மாசிடோனியப் பக்கத்து எதிர்க்கரைக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். மலைக்கு அந்தப் பக்கம் போலீசார் போராட்டக்காரர்களைக் கண்ணீர்ப்புகை அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். பெயரை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு நாட்டிலும் திட்டுதான். அடுத்த ஜனவரியில் ஏதென்ஸ் நாடாளுமன்றத்தில் 300 பேரில் 153 பேர் ஆதரித்து ஒப்பந்தம் தப்பிப் பிழைத்தது.

இதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. வராத ஒன்றை நான் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நாட்டின் பெயர்ச் சண்டையைத் தீர்த்துவைத்த இந்த ஊரின் பெயரே பழைய பெயர் அல்ல. ப்சராதெஸ் என்றால் கிரேக்கத்தில் மீன்பிடிக்கிறவர்கள் என்று பொருள். 1920களில் அரசாங்கம் வைத்த பெயர். அதற்கு முன் நிவிட்ஸி. ஸ்லாவியப் பெயர், வீட்டில் பேசிய மொழியும் ஸ்லாவியம். பால்கன் போர்கள் முடிந்து 1913இல் துருக்கியரிடமிருந்து இந்தக் கரை கிரீஸின் கைக்கு வந்தது. பத்துப் பதினைந்து வருடத்துக்குள் இந்தப் பக்கத்தில் ஊர், மலை, ஓடை எல்லாவற்றுக்கும் புதுப் பெயர் எழுதினார்கள். வரைபடம் மாறினால் பேச்சும் மாறிவிடும் என்ற நம்பிக்கை. நம் துறையிலும் அந்த நம்பிக்கை கொண்ட அதிகாரிகளை நீயும் நானும் பார்த்திருக்கிறோம்.

மதியம் சாப்பிட்ட கடையில் ஒரு கிழவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என் மகள் பேச்சுக்கொடுத்தாள். பழைய பெயரை அவள் சொன்னதும் அவர் முதலில் வாசலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார், பிறகு அந்தப் பெயரைச் சரியான உச்சரிப்பில் ஒரு தடவை சொல்லித் திருத்தினார். அவ்வளவுதான். அதற்கு மேல் மீனைப் பற்றித்தான் பேசினார். நாங்களும் மீனைத்தான் சாப்பிட்டோம். 'சிரோனி' என்று விரல் நீள மீன். வெயிலில் காயவைத்துப் பிறகு வறுக்கிறார்கள். நெத்திலிக் கருவாட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள். காரம்தான் கிடையாது.

அவர் ஏன் வாசலைப் பார்த்தார் என்பது திரும்பி வரும்போது காரில்தான் எனக்குப் புரிந்தது. மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டத்தில் கம்யூனிஸ்டுப் படையின் பிடி இந்த மலைகளில்தான் இருந்தது. பக்கத்து வ்ரோன்டெரோ கிராமத்தருகே அவர்கள் மருத்துவமனையாக வைத்திருந்த குகையை இப்போதும் பார்க்கலாம். 1948இல் இப்படிப்பட்ட வடக்குக் கிராமங்களிலிருந்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளை எல்லை தாண்டிக் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பினார்கள். 'காப்பாற்றினோம்' என்றது ஒரு தரப்பு, 'கடத்தினார்கள்' என்றது இன்னொரு தரப்பு. 1949 ஆகஸ்டில் அரசுப் படை மலைகளைப் பிடித்தபோது தோற்றவர்கள் அந்த மண்வரப்பு வழியாகத்தான் அல்பேனியாவுக்குள் ஓடினார்கள். நான் மாலை வெயிலில் காரை நிறுத்தச் சொல்லிப் படம் எடுத்தேனே, அதே வரப்பு.

பிரெஸ்பாவில் வீடுகள் வெறிச்சோடின. சில ஊர்கள் இடிந்தே போயின. காலியான ஊர்களில் எப்பிரஸ் பகுதியிலிருந்து ஆடு மேய்க்கும் விலாக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். பனிப்போர்க் காலத்தில் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். போனவர்கள் திரும்பலாம் என்று 1982இல்தான் ஆணை வந்தது. அதிலும் 'கிரேக்க இனத்தவராக இருந்தால்' என்று ஒரு கொக்கி. நிவிட்ஸி என்று சொல்லி வளர்ந்தவர்கள் அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். அரசாணை எழுதுகிறவர்களுக்கு ஒரு சொல் போதும், சுந்தரம்.

சாப்பாட்டுக்குப் பிறகு படகு. கரையை ஒட்டிய செங்குத்துப் பாறையில், தண்ணீருக்கு மேலே, 15ஆம் நூற்றாண்டில் வரைந்த மாதாவின் படம் இன்னும் சிவப்பும் நீலமுமாக இருக்கிறது. இன்னும் சற்றுப் போனால் பாறைப் பிளவுக்குள் 1410இல் கட்டிய ஒரு துறவியர் கோயில். படகைக் கட்டிவிட்டுப் படியேற வேண்டும். என் முழங்கால் பாதிப் படியில் மறுத்துவிட்டது. மகள் மட்டும் மேலே போய்வந்தாள். நான் கீழே படகோட்டியோடு உட்கார்ந்திருந்தேன். அவர் துடுப்பை நீட்டிக் காட்டினார்: இந்தப் பக்கம் அல்பேனியா, அந்தப் பக்கம் வடக்கு மாசிடோனியா. மூன்று நாட்டு எல்லையும் சேரும் புள்ளி நடு ஏரியில், தண்ணீருக்குள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாம் புதிதாகச் சேர்ந்த வருடம், மூன்று கிராமம் சேருகிற கல்லைத் தேடி நம் பக்கத்துப் பெரிய ஏரிக்குள் முழங்கால் சேற்றில் இறங்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? 'நீர் வற்றிய பின் சரிபார்க்கப்படும்' என்று எழுதிவைத்துவிட்டு வந்தாய். இவர்களும் கிட்டத்தட்ட அதே நிலைமையில்தான் இருக்கிறார்கள், ஏரி உண்மையிலேயே வற்றிக்கொண்டிருக்கிறது. சில பத்தாண்டுகளில் பல மீட்டர் இறங்கிவிட்டதைக் கரைப் பாறையில் இருக்கும் வெளிறிய பட்டையே காட்டுகிறது.

பெரிய பிரெஸ்பாவிலிருந்து வெளியே ஓர் ஆறும் ஓடவில்லை. தண்ணீர் போவது அடிவழியாக. மேற்கே கலிச்சிட்சா என்று சுண்ணாம்புக்கல் மலை, உள்ளெல்லாம் பொந்து. அதற்குள் புகுந்து, சுமார் 150 மீட்டர் கீழே மலைக்கு மறுபுறம் இருக்கிற ஒஹ்ரித் ஏரியின் கரையில் ஊற்றாகக் கொப்பளிக்கிறது. ஒரு நாடு நீரை இறைத்தால் அடுத்த நாட்டின் ஊற்று இளைக்கும். சின்ன ஏரியில் அல்பேனியா கதை இன்னும் மோசம்: 1970களில் பாசனத்துக்காக தெவோல் ஆற்றை அதற்குள் திருப்பிவிட்டார்கள். ஆறு தண்ணீரோடு வண்டலையும் கொண்டுவந்து அவர்கள் பக்கத்தையே தூர்த்துவிட்டது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் மூன்று நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து இதைப் பொதுப் பூங்கா என்று அறிவித்தார்கள். அறிவிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கரைக்கும் வடக்கு மாசிடோனியாவின் எதிர்க்கரைக்கும் இடையிலிருந்த பழைய எல்லைச் சாவடி பல பத்தாண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற எதிர்க்கரை ஊருக்குக் காரில் போக வேண்டுமானால் மலையைச் சுற்றி நூறு கிலோமீட்டருக்கு மேல். திறக்கப் போகிறோம் என்று பேச்சு மட்டும் அவ்வப்போது வரும் என்றார் படகோட்டி.

கூழைக்கடாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சின்ன ஏரியின் நாணற்காட்டில் தல்மேஷியன் கூழைக்கடா கூடு கட்டுகிறது. இந்த இனத்துக்கு உலகிலேயே பெரிய குடியிருப்பாக இருந்தது அதுதான். 2022 வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் வந்து சில வாரங்களில் 1,700க்கும் மேல் செத்து மிதந்தன. நான் பார்த்தபோது ஒரு முப்பது பறவைகள் வரிசையாக, இறக்கையே அசைக்காமல் வரப்பைக் கடந்தன. மகள் எண்ணி முடிப்பதற்குள் அவை இன்னொரு நாட்டில் இருந்தன.

சின்ன ஏரிக்குள் அகில்லியோஸ் என்று ஒரு தீவும் உண்டு, மிதவைப் பாலத்தில் நடந்தே போகலாம். பல்கேரியப் பேரரசன் சாமுவேல் பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய பெரிய கோயில் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது. லாரிசா நகரைப் பிடித்து அங்கிருந்த புனிதரின் எலும்புகளைக் கொண்டுவந்து வைத்தானாம். 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த எலும்புக்கூடு ஒன்று அவனுடையதே என்கிறார்கள். அவனைப் பல்கேரியன் என்பதா, மாசிடோனியன் என்பதா என்று அதற்கும் ஒரு வழக்கு நடக்கிறது. ஆயிரம் வருடமாகச் செத்துக்கிடப்பவனுக்கும் பட்டா மாறுதல்! நான் அதில் தலையிடவில்லை.

இங்கே விளையும் பெரிய வெள்ளைப் பீன்ஸ் பெயர்பெற்றது. கொடியேற்றக் கொம்பு நட்டு வயல் முழுக்கக் காடாக நிற்கிறது. ஒரு கிலோ வாங்கியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது தங்கச்சியிடம் கொடுக்கிறேன். ராத்திரி ஊறவைக்காவிட்டால் வேகவே வேகாது என்று இப்போதே சொல்லி வை. பையின் மேல் புதுப் பெயர்தான் அச்சிட்டிருக்கிறது.

முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறேன். நீ அடுத்த கடிதத்தில், அந்த மூன்று கிராமக் கல் விவகாரம் கடைசியில் என்ன ஆயிற்று என்று எழுது. நான் மாற்றலாகிப் போன பிறகு யாராவது இறங்கிப் பார்த்தார்களா?

அன்புடன்,
ராகவன்