பூச்சாண்டியைக் கட்டி முடித்தவர்களுக்கு நன்றி

எங்கள் பள்ளி மைதானத்தில், பிள்ளைகள் ஏறிச் சறுக்கி விளையாடும் சிமெண்ட் சிலையாகப் பூச்சாண்டி எழுந்து நிற்கிறான். முதல் நன்றி, படம் வரைந்த பிள்ளைகளுக்கு. எதைக் கண்டால் பயம் என்று கேட்டோம். கிணற்றுக்குள் கேட்கும் குரல், கட்டிலுக்கடியில் நீளும் கை, சாக்கோடு வரும் பிள்ளைபிடிக்காரன் என்று வரைந்து தந்தீர்கள். ஒரு படத்தில் மூன்றாவது கண் முழங்காலில் இருந்தது. சிலையிலும் அங்கேதான் இருக்கிறது.

பிள்ளைகள் பயந்துவிடுமே என்று தயங்கி, பிறகு சம்மதித்த பெற்றோருக்கும் நன்றி. ஜெருசலேமில் சிற்பி நிக்கி டி சான் ஃபால் 1972-இல் முடித்த 'கோலெம்' அரக்கன் சிலைக்கும் இதே எதிர்ப்பு இருந்தது. அதன் மூன்று சிவப்பு நாக்குகளும் சறுக்குமரங்கள். எங்கள் பூச்சாண்டியின் நாக்கும் அப்படித்தான்.

சாந்தைப் பூசிச் சிலை செய்யும் சுதை வேலைக் கொத்தனார்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். 10 மி.மீ. கம்பியில் எலும்புக்கூடு, 6 மி.மீ. கம்பியில் வளையங்கள், மேலே இரண்டு சுற்றுக் கோழிவலை. சாணுக்கு ஒரு கட்டு போட்டு இறுக்கினார்கள். வலை தளர்ந்தால் கரணை (கொத்துக்கரண்டி) படும்போது துள்ளும், உள்ளே பொந்து விழும். அதில் ஈரம் தங்கிக் கம்பி துருவேறும், துரு பருத்துப் பூச்சைப் பிளக்கும். அதற்காகவே ஒருவர் வெளியே கலவையை அப்ப, இன்னொருவர் வயிற்றுக்குள் உட்கார்ந்து பலகையால் தாங்கினார். ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு சலித்த மணல். தண்ணீர் கூடினால் மயிர்வெடிப்பு வரும் என்று வாளியை யாரிடமும் விடவில்லை.

பல்லிடுக்கை அளந்து பார்த்த பொறியாளருக்குத் தனி நன்றி. 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட சந்தில் குழந்தையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். எங்கள் வரைபடத்தில் 12 இருந்தது! பற்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டவைத்து, நுனிகளை உருட்டிவிட்டோம்.

பூச்சு இறுக 14 நாள் சிலைமேல் சாக்கை நனைத்துப் போட்ட அம்மாக்களுக்கும், 28 நாள் பொறுத்த பெயிண்டருக்கும் நன்றி. முழுதாகக் காயாத பச்சைச் சிமெண்டின் காரம் பெயிண்டை உரித்துவிடும். நாக்கு மட்டும் சிவப்பு மொசைக். வேப்பமர நிழல் விழும் பக்கம் வைத்தோம், இல்லையென்றால் மதியத்தில் தொடை பொசுங்கும். நாக்கின் அடியில் 30 செ.மீ. ஆழத்துக்கு மணல். அது இறுகிவிடாமல் கிளறிவிடும் வாட்ச்மேன் அண்ணனுக்கும் நன்றி.

சுதைக்காரர்கள் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். தூரிகையைப் பிள்ளைகளிடமே கொடுத்தார்கள். முழங்கால் கண் சீக்கிரம் தேயும், ஏறுகிறவர்கள் அதில்தான் கால் வைக்கிறார்கள். வருடம் ஒருமுறை திரும்ப எழுத வேண்டும். கருப்புப் பெயிண்ட் டப்பா தலைமையாசிரியர் அறை அலமாரியில் இருக்கிறது.