ஒரு அறையும் நான்கு சுவரும்: மலையகத்து மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் 14 வருடமாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். சென்ற தவணை முடிவில் எங்கள் பிள்ளைகள் 23 பேரைக் கண்டிக்கு ஓவியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கம்பளை, நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று எங்கள் சிறு நகரங்களின் சபைகளில் இருக்கும் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். எந்தச் சபையையும் குறை சொல்லும் நோக்கம் எனக்கில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

புசல்லாவையிலிருந்து கண்டிக்குச் சுமார் 40 கிலோமீற்றர். காலை ஐந்தரைக்கு வாடகை பஸ் பாடசாலை வாசலில் நின்றது. பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பதிகிற இடத்துக்கு, போகிற நேரத்துக்கு முன்பே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ரொட்டியும் சம்பலும் கட்டிய பார்சலைக் கையில் கொடுத்துவிட்டு ஓடினார்கள். பஸ் காசு கட்ட முடியாமல் ஏழு பிள்ளைகள் வரவில்லை. அதில் இரண்டு பேர் வகுப்பிலேயே நன்றாக வரைகிறவர்கள். ஒரு ஓவியத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு எங்கள் பிள்ளைக்கு ஒரு முழுநாளும், தாயின் பல நாள் பேரும் (நாட்சம்பளமும்) வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

முதலில் தெகல்தொருவை. கண்டியிலிருந்து லேவெல்லப் பக்கமாக மகாவலியைத் தாண்டிப் போனால் கொஞ்சத் தூரத்தில் இருக்கிறது. பாறையைக் குடைந்த விகாரை. மதுரை நாயக்க வம்சத்தில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை கண்டியை ஆண்டவன். அவன் காலத்தில் உருவான இந்த விகாரையில் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்ற ஓவியரும் அவரோடு சேர்ந்தவர்களும் சுவர் முழுக்க ஜாதகக் கதைகளை, புத்தரின் முற்பிறப்புக் கதைகளை, எழுதினார்கள். பாடப் புத்தகத்தில் இந்த ஓவியம் தீப்பெட்டி அளவில் இருக்கும். அதை வைத்துத்தான் நான் 14 வருடமாகப் படிப்பித்து வருகிறேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். செம்மண் நிறத்துக்கு நடுவில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு. ஆள் இல்லாத இடத்திலெல்லாம் பூ. கதை பட்டை பட்டையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடுகிறது. "டீச்சர், இந்த ராசா எத்தன தரம் வாறாரு?" என்று தரம் 8 பையன் ஒருவன் கேட்டான். அதே அரசன் வீட்டில் இருக்கிறான், தேரில் போகிறான், காட்டில் நடக்கிறான். நடுவில் கோடு கிடையாது, மரம் ஒன்றுதான் எல்லை. காலத்தை எப்படி வரைவது என்று கரும்பலகையில் எத்தனையோ நாள் விளக்கியிருக்கிறேன். அன்றைக்கு விளக்க எதுவும் இருக்கவில்லை. அவன் சுவரை ஒட்டியே நடந்து, ராசா வருகிற இடங்களை விரல் படாமல் காட்டி எண்ணிக்கொண்டு போனான்.

வெஸ்ஸந்தரன் கதை இருக்கிற இடத்தில் ஒரு பிள்ளை நின்றுவிட்டாள். கேட்டதையெல்லாம் கொடுக்கிற இளவரசன் கடைசியில் தன் இரண்டு பிள்ளைகளையும் ஒரு பிராமணனுக்குக் கொடுத்துவிடுகிற கதை. கதையைச் சொன்னேன். "அம்மா எங்க டீச்சர் அந்த நேரம்?" என்று கேட்டாள். காட்டுக்குப் பழம் பறிக்கப் போயிருந்தாள் என்றேன். அவளுடைய தாய் நான்கு வருடமாக வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். அந்தப் பிள்ளை வேறொன்றும் கேட்கவில்லை. மற்றவர்கள் வெளியே போன பிறகும் அங்கேயே நின்றாள். சிங்கள பௌத்த விகாரை ஒன்றில், 18ஆம் நூற்றாண்டில் எழுதிய சுவருக்கு முன்னால், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி தன் வீட்டுக் கதையைப் பார்த்தாள். ஓவியம் எதற்கு என்று யாராவது கேட்டால் இனி நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து திரும்பிவந்து திரித்துவக் கல்லூரித் தேவாலயத்துக்குப் போனோம். பாடசாலைக்குள் இருக்கிற இடம் என்பதால் முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி எடுத்திருந்தேன். கண்டிக் காலத்து மண்டபம் போலக் கல் தூணில் கொத்துவேலை செய்து கட்டிய தேவாலயம் அது. சுவரில் டேவிட் பெயின்டரின் ஓவியங்கள். பெயின்டர் 1900இல் இந்தியாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் நுவரெலியாவில் சிறுவர் இல்லம் நடத்தியவர்கள். ஆகவே அவரும் எங்கள் மலைக் குளிரை அறிந்தவர். அவர் வரைந்த சிலுவைக் காட்சியில் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. பின்னால் ஜெருசலேம் இல்லை, கண்டல் மரங்கள் நிற்கின்றன. சுற்றி நிற்கும் சனம் இந்த நாட்டுச் சனம், இந்த நாட்டு நிறம். எங்கள் தோட்டத்துக் கோயிலடியில் காலண்டர் யேசுவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் நம்பவில்லை. ஒருத்தி மெதுவாக, "அப்ப நம்மள மாதிரியும் வரையலாமா டீச்சர்?" என்றாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் வாவிக்கரையில் வேறு விதமாக வந்தது. 1882இல் தொடங்கிய கண்டிக் கலைச் சங்கம் அங்கேதான் இருக்கிறது; பித்தளையும் அரக்கு வேலையும் பார்த்தோம். பிறகு பக்கத்துத் தெருக்களில் ஓவியம் விற்கும் கடைகளுக்குள்ளும் போனோம். எல்லாக் கடையிலும் கொழுந்து பறிக்கிற பெண் இருந்தாள். சிவப்புச் சேலை, மூக்குத்தி, முதுகில் மூங்கில் கூடை, வாய் நிறையச் சிரிப்பு. பிள்ளைகள் ஒரு படத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "இந்த அம்மா படங்கு கட்டல." கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுகிற துணிதான் படங்கு. இன்னொருத்தி: "இப்ப யாருகிட்டயும் கூடை இல்லயே, எல்லாரும் பேக்குதானே?" கடைசியாக, எப்போதும் வாய் திறக்காத தரம் 9 பிள்ளை சொன்னாள்: "விரல்ல கறை இல்ல டீச்சர்."

கொழுந்து பறிக்கிற விரல் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வாழ்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சாறு பட்டுப் பட்டு ஆள்காட்டி விரலும் பெருவிரலும் கறுத்து, வெடித்து, அந்த வெடிப்புக்குள் கறை ஏறி, எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாது. அந்தக் கடைக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்து போயிருப்பார்கள்! விரலைப் பார்த்தது எங்கள் பிள்ளை. எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த 1823இலிருந்து எண்ணினால் மலையகத்துக்கு 200 வயது தாண்டிவிட்டது. இந்த 200 வருடத்திலும் எங்களை மற்றவர்கள் வரைந்திருக்கிறார்கள், படம் பிடித்திருக்கிறார்கள், தேயிலைப் பெட்டியில் அச்சடித்திருக்கிறார்கள். நாங்கள் எங்களை வரைந்தால் அதைக் கொண்டுபோய் எங்கே மாட்டுவது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று போன ஒரு காட்சிக்கூடத்தில் படங்களுக்குக் கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் விவரம் எழுதியிருந்தது. தமிழ் அரச கரும மொழியாகி 1987இலிருந்து இவ்வளவு காலம் ஆகிறது. எனக்குத் தெரிந்த சிங்களத்தை வைத்து ஒவ்வொரு படத்துக்கும் நின்று நின்று சொன்னேன். பிள்ளைகள் கோபப்படவில்லை, அவர்களுக்கு அது பழகிவிட்டது. எனக்குத்தான் தாங்கவில்லை. கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் மூன்று மொழியிலும் விவரம் வைக்கிறது, நுழைவுக் கட்டணமும் வாங்குவதில்லை. ஆக, செய்ய முடிகிற காரியந்தான்.

இனி என் வேண்டுகோள். உங்கள் நகரத்தில் ஓவியத்துக்கென்று ஒரு அறை கொடுங்கள்.

புதுக் கட்டிடம் வேண்டாம். பொது நூலகத்தை நடத்துவது நீங்கள்தான். அதில் ஒரு மாடி அறை இருக்கும். சனசமூக நிலையம் இருக்கும். பழைய களஞ்சியம் ஒன்று பாவனையில்லாமல் பூட்டிக் கிடக்கும். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பிராக்களையே (தொழிலாளரின் வரிசை வீட்டு அறைகளையே) தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலை ஸ்டோரை (தொழிற்சாலையை) அருங்காட்சியகமாக்கி இயந்திரங்களை வைத்ததைப் பார்த்தவர்களுக்கு, லயத்தில் பாவித்த சாமான்களைப் பார்க்கும்போது நெஞ்சு வேறு மாதிரி அடிக்கும். லயமே அருங்காட்சியகம் ஆகுமென்றால் நூலக மாடி ஓவியக்கூடம் ஆகாதா?

அந்த அறையை எப்படி வைத்துக்கொள்வது என்று 14 வருடம் காகிதத்தோடு மல்லுக்கட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஓவியத்துக்கு முதல் எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டி அப்படியே நின்றால் காகிதத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மழைக் காலத்தில் எங்களுக்கு வாரக்கணக்கில் அதற்கு மேல்தான். ஆகவே மழைச் சாரல் அடிக்கிற வெளிச்சுவரில் படம் மாட்டக் கூடாது, உட்சுவரில்தான் மாட்ட வேண்டும். சட்டத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று ஓடும். சுவரில் ஆணி அடித்து அடித்துக் காரை பெயராமல் இருக்க, மேலே ஒரு நீள மரச்சட்டம் அடித்துவிட்டுக் கம்பியில் தொங்கவிடலாம்; பிறகு மாதத்துக்கொரு முறை படம் மாற்றுவது அரை மணி நேர வேலை. நேர் வெயில் சாயத்தைத் தின்றுவிடும், ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போதும். ஏசி ஒன்றும் தேவையில்லை.

என்ன மாட்டுவது என்று கேட்பீர்கள். பிள்ளைகளின் படம் இருக்கிறது. மாசியில் காமன் கூத்து ஆடுகிற காமன் பொட்டலில் ரதிக்கும் மன்மதனுக்கும் முகம் எழுதுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள்; அந்த வர்ணமும் அந்தக் கிரீடமும் எந்தக் காட்சிக்கூடத்திலும் இல்லை. கடைப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்து, பிளக்ஸ் வந்த பிறகு தூரிகையைக் கழுவி வைத்துவிட்டவர்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்தைப் பார்த்துத்தான் நானே கோடு இழுக்கப் பழகினேன். பல்கலைக்கழகம் போய்ப் படித்த எங்கள் ஓவியர்களும் இருக்கிறார்கள். மலையகத்தைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் தேநீர் வடியையும் கொண்டு செய்த படைப்புகள் கொழும்புக் காட்சிக்கூடத்தில் மாட்டப்படுகின்றன. அதைப் பார்க்க வேண்டிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அறை கிடைக்கும்வரை தெருவிலும் தொடங்கலாம்: 1993 முதல் கொழும்பில் நடக்கிற 'கலா பொல' ஓவியச் சந்தை வீதியோரத்தில்தான் நடக்கிறது. ஆனால் எங்கள் மழையை நம்பி நான் அதை மட்டும் கேட்க மாட்டேன்.

இருக்க ஒழுங்கான வீடில்லாத சனத்துக்கு ஓவியக்கூடம் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் லயத்தில் பிறந்தவள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர் படுத்த வீடு எங்கள் வீடு. வீடும் காணியும் சம்பளமும் முதலில் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டால் மற்றதைக் கேட்கக் கூடாது என்று எங்களுக்கு மட்டும் ஏன் சொல்கிறார்கள்? லயத்துச் சுவரில் படம் ஒட்டாத வீடு இருக்கிறதா? பழைய காலண்டரை வெட்டி, பத்திரிகைப் படத்தை வெட்டி, சோற்றுக் கஞ்சியால் ஒட்டி வைத்தவள் என் அம்மா. கரி படிந்த சுவரில் அந்த ஒரு சாண் இடத்தை அவள் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள்.

தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று நெடுங்காலம் சொன்னார்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்ட பிறகு அந்தத் தடையும் போய்விட்டது. நகரத்தில் அறை இல்லையென்றால் தோட்டத்தில் ஒன்று தாருங்கள்.

எங்கள் பங்குக்கு என்ன செய்வோம் என்றும் சொல்லிவிடுகிறேன். சுத்தம் செய்யப் பெற்றோர் வருவார்கள், கேட்டுவிட்டேன். சட்டம் அடிக்க இரண்டு தச்சர்கள் சம்மதித்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு நான் இருப்பேன். படங்களுக்குத் தமிழிலும் சிங்களத்திலும் விவரம் எழுதுவது என் பொறுப்பு. பக்கத்துச் சிங்களப் பாடசாலைச் சித்திர ஆசிரியரும் தன் பிள்ளைகளின் படங்களைக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கண்டியிலிருந்து வந்த அடுத்த கிழமை அந்தத் தரம் 9 பிள்ளை ஒரு படம் வரைந்து கொண்டுவந்தாள். தாள் முழுக்க ஒரே ஒரு கை, தாயின் வலது கை. கறைக்கு வர்ணம் பாவிக்கவில்லை; பச்சைக் கொழுந்தைக் கசக்கி விரல் நுனியில் தேய்த்திருந்தாள். முதலில் பச்சையாக இருந்தது, இரண்டு நாளில் கபிலமாகி, இப்போது கறுத்துவிட்டது. மற்றப் படங்கள் 41ஓடு சேர்த்து அதைப் பாடசாலை அலுமாரியில் வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தபோது இடது மூலையில் பூஞ்சணப் புள்ளி மூன்று விழுந்திருந்தது. வைகாசியில் தென்மேல் மழை தொடங்கும். அதற்கு முன்னால் ஒரு அறையின் சாவி கிடைத்தால் போதும்.

இப்படிக்கு,
சித்திர ஆசிரியை ஒருத்தி,
புசல்லாவை