மேல்மொணவூர் கட்டுரையில் விட்டுப்போனவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர் பக்கத்து மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2021 நவம்பரில் அப்போது முதல்வராக இருந்த மு.க. ஸ்டாலின் இங்கே வந்து அடிக்கல் நாட்டியது, 2023 செப்டம்பரில் பல மாவட்டங்களில் கட்டிய 1,591 வீடுகளை இங்கிருந்தே திறந்துவைத்தது எல்லாம் சரியாக வந்திருக்கிறது. அதிகாரிகள் பேசியிருக்கிறார்கள், குடியிருப்பவர்கள் பேசியிருக்கிறார்கள். நடுவில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் ‘தொண்டு நிறுவனங்களும் உதவின’ என்று அரை வரி. அது போதாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மனு டைப் அடிப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதும் உண்டு. ஆட்சியர் அலுவலகம் பக்கத்திலேயே இருப்பதால் திங்கட்கிழமை குறைதீர்வு நாளன்று கடையில் நிற்க இடம் இருக்காது. முகாம் மக்களுக்காக வேலை செய்யும் பையன்களும் பெண்களும் அந்தக் கூட்டத்தில்தான் எனக்குப் பழக்கம். இவர்களில் பலர் அதே முகாமில் வளர்ந்தவர்கள். பேச்சைக் கேட்டால் காட்பாடிக்காரர் என்றுதான் நினைப்பீர்கள். கூட வந்த பெரியம்மா பதறினால் மட்டும் ‘இருங்கோ அம்மா, பயப்படாதேங்கோ’ என்று பேச்சு இலங்கைத் தமிழுக்கு மாறும்.

அகதிகளுக்கு அகதிகளே வேலை செய்வது இன்று நேற்று வந்த வழக்கமில்லை. இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அப்படித்தான் நடந்தது. 2004 சுனாமியின்போது முகாமிலிருந்து கிளம்பிப்போய் நம் கடற்கரை மக்களுக்கு மனநல ஆறுதல் சொன்னவர்களும் அவர்கள்தான். அப்புறம் இயேசு சபைப் பாதிரிமார்களின் அகதிகள் சேவையான ஜே.ஆர்.எஸ். அமைப்பு பல முகாம்களில் மாலை நேர டியூஷன் நடத்துகிறது. இதெல்லாம் வெளியே தெரிந்த சேவை. நான் சொல்ல வருவது அதிகம் தெரியாத வேலையைப் பற்றி.

ஒரு மாதிரி சொல்கிறேன். ஒரு பெண் பிள்ளைக்குச் சான்றிதழ் வேண்டும். முகாம் அடையாள அட்டையில் அப்பா பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, பள்ளி டி.சி.யில் இனிஷியலே வேறு. அம்மாவின் இலங்கைப் பிறப்புப் பத்திரத்தில் பாதி சிங்களம். நாலையும் என் மேசையில் வரிசையாக வைத்து, எதை முதலில் திருத்தினால் மற்றது தானாகச் சரியாகும் என்று அந்த ஊழியர் பென்சிலால் எண் போடுவார். டி.சி.யைத் திருத்தப் பிறப்புச் சான்று வேண்டும், பிறப்புச் சான்றைத் திருத்த அப்பாவின் அடையாளம் வேண்டும். வரிசை தப்பினால் ஆறு மாதம் வீண். தாசில்தாருக்கு எப்படி எழுதுவது, முகாம்களைக் கண்காணிக்கும் போலீஸ் கியூ பிரிவுக்கு எப்படி எழுதுவது என்று தனித்தனி நடை வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமாக மனு டைப் அடிக்கும் நானே சில வாசகங்களை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

சட்டமும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. பக்கத்து நாடுகளிலிருந்து வந்த சிலருக்குக் குடியுரிமை தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். ஒரு நாள் தள்ளிப் பிறந்தால் கதையே வேறு. 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் போய் பாஸ்போர்ட் வாங்கினார், 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். செய்தி வந்ததும் நம் பக்கத்து முகாம்காரர்களும் பழைய பிறப்புச் சான்றுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தேதி ஒத்துவராது. அதை அவர்களிடம் எடுத்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவதும் இந்த ஊழியர்கள் வேலைதான்.

2025 செப்டம்பரிலும் இதே கதை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள்மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை இல்லை என்று மத்திய அரசு உத்தரவு போட்டது. குடியுரிமையே கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஓடியது. ‘வழக்கு இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள், குடியுரிமை என்று சொல்லவில்லை’ என்று ஆளாளுக்கு விளக்கியே தொண்டை கட்டிப்போனது ஒரு பெண்ணுக்கு.

மலையகத்துக்காரர், அதாவது இங்கிருந்து இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் வம்சாவளியினர், விஷயம் தனி. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்பதாகச் சொன்னது. அப்போது முடிவாகாமல் விட்ட ஒன்றரை லட்சம் பேரில் பாதியையும் 1974-ல் ஏற்றது. அந்த வம்சாவளிப் பிள்ளைகள் பலர் இன்னும் முகாம் கணக்கில் இருக்கிறார்கள். 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. இந்த மாதிரி வழக்குக்கு உயிரே பாட்டன் காலத்துத் தோட்டக் காகிதம்தான். ஒருமுறை மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒளிநகல் கண்ணாடியில் வைக்கவே கை கூசியது. சொந்த ஊர் என்ற இடத்தில் ‘வட ஆற்காடு ஜில்லா’ என்று இருந்தது. இந்த மண்ணிலிருந்து போனவரின் பேத்தி இங்கே அந்நியர் பதிவேட்டில் இருக்கிறாள். எனக்கு அன்று முழுக்க மனசே சரியில்லை.

டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு: ‘இவங்களுக்கெல்லாம் ஃபாரின் காசு சார்.’ இதைச் சொல்பவர்கள் அந்த ஊழியர்கள் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணுவதைப் பார்த்திருக்க மாட்டார்கள். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. பெரிய அமைப்பு சின்ன அமைப்புக்கு அந்தப் பணத்தை மாற்றிக் கொடுக்கவும் தடை. வாடகை, கணக்கர், கரண்ட் பில் எல்லாம் அந்த 20-க்குள் அடங்க வேண்டும். வேறு நல்ல வேலை கிடைத்து இதிலிருந்து போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். போனவரோடு அவர் தலையில் இருந்த இருநூறு குடும்பத்து விவரமும் போய்விடுகிறது, அதுதான் சங்கடம்.

சிமெண்ட் வீடு வந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வீட்டுப் பையன் வங்கிக் கடனுக்கோ மேல்படிப்புக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போய் நின்றால் மறுபடி இவர்களைத்தான் தேடி வருகிறான். ஆகவே உங்கள் நிருபரிடம் ஒரு கோரிக்கை: ஒரு ஊழியருடன் ஒரு கோப்பு தொடங்குமிடத்திலிருந்து முடிகிற வரை கூடவே போய் எழுதட்டும். மாவட்ட நிர்வாகத்திடமும் ஒன்று கேட்கிறேன். குறைதீர்வு நாளில் முகாம் மனுக்களுக்கென்று ஒரு மேசை, அடிக்கடி மாறாத ஒரு எழுத்தர், இந்த ஊழியர்கள் உட்கார இரண்டு நாற்காலி. பெரிய செலவில்லை.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்,
சத்துவாச்சாரி, வேலூர்.