வெள்ளைப் பசையும் மிச்சிகன் தியேட்டரும்

அன்புள்ள மாப்ளே,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சௌக்கியம். நாலு கட்டை அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. ஆனால் பேனாவை எடுக்க வைத்தது உன் கடைசி வரிதான். ஆர்மோனியத் துருத்தியில் தோல் விட்டுப்போச்சு, வெள்ளைப் பசை போட்டு ஒட்டிட்டேன்னு எழுதியிருக்கிறாய். ஏன்டா?

இங்கே பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிற மிச்சிகன் தியேட்டரில் இன்னமும் ஆர்கன், அதாவது காற்றை ஊதிக் குழாய்களைப் பேசவைக்கிற அந்தப் பெரிய வாத்தியம், வாசிக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். வாசிக்கிறார்கள். உன் பசைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, கேள்.

அமெரிக்காவில் இந்த ஆன் ஆர்பர் ஊரில் அந்தத் தியேட்டர் திறந்தது 1928 ஜனவரி 5. ஊமைப்படத்துக்கு வாசிக்கத்தான் பார்ட்டன் கம்பெனி ஆர்கனை வைத்தார்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் படமே பேச ஆரம்பித்துவிட்டது. கட்டைகள் மூன்று அடுக்கு, குழாய்கள் 13 வரிசை. வரிசைக்கு 61 என்று குறைத்து வைத்தாலும் 793 குழாய். எல்லாம் மேடைக்கு இரண்டு பக்கமும் உள்ள அறைகளில் மறைந்து நிற்கின்றன.

உன் பெட்டியில் கை செய்கிற வேலையை அங்கே மோட்டார் விசிறி செய்கிறது. சர்ச் ஆர்கனில் காற்றழுத்தம் 3, 4 அங்குலத் தண்ணீர் போதும் (காற்று தண்ணீரை எத்தனை அங்குலம் மேலே தள்ளும் என்பதுதான் கணக்கு). தியேட்டர் வகைக்கு 10 அங்குலம் சாதாரணம். கட்டையை அமுக்கினால் ஒரு சின்ன மின்காந்தம் இழுக்கும், ஒரு ரூபாய் அளவுத் தோல் பையிலிருந்து காற்று வெளியேறும், வால்வு திறந்து குழாய் பேசும். ஒவ்வொரு சுரத்துக்கும் இப்படி ஒரு தோல். அது கிழிந்தால் அந்தச் சுரம் ஊமை. காந்தத்தின் தகட்டடியில் ஒரு துளி தூசு மாட்டினால் நேர் எதிர்: கையை எடுத்தாலும் ஊதிக்கொண்டே இருக்கும். அந்த இடுக்கில் மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கிழிந்த தோலுக்கு அப்படிக் குறுக்குவழி கிடையாது.

தோல் 40, 50 வருஷம்தான் உழைக்கும். 1970களின் தொடக்கத்தில் ஆர்கன் ஆர்வலர்கள் சம்பளமில்லாமல் உட்கார்ந்து இந்த ஆர்கனைப் பழுது பார்த்தார்கள். பழைய தோலைப் பிரிக்க முடிந்ததற்குக் காரணம், அதை ஒட்டியிருந்த வஜ்ஜிரம், அதாவது மிருகத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. வெந்நீர்த் துணியை வைத்தால் வஜ்ஜிரம் இளகும், பழைய தோல் உரியும், மரம் சேதப்படாது. வெள்ளைப் பசை மர நாரில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் வஜ்ஜிரமும் பிடிக்காது. அடுத்து பிரிக்கிறவன் மரத்தையே சுரண்ட வேண்டியதுதான்.

1979இல் தியேட்டரை நடத்தியவர்கள் விலகி, கட்டடமே போய்விடும் என்ற நிலை வந்தபோது முதலில் குரல் கொடுத்தது இந்த ஆர்கன்காரர்கள்தான். ஊர் சேர்ந்தது, நகராட்சி வாங்கியது, லாப நோக்கில்லாத அறக்கட்டளை நடத்த ஆரம்பித்தது. ஆர்கன் அன்று ஊமையாகக் கிடந்திருந்தால் அவர்கள் அங்கே இருந்திருக்கவே மாட்டார்கள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

சுருதிப் பைத்தியமே, இது உனக்கு: ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் சாதாரணக் குழாயின் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும் (அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட்). ரீடு வைத்த குழாய் அந்த அளவுக்கு ஏறாது, இரண்டின் சுருதியும் பிரிந்துவிடும். அதனால் காட்சி நேரத்தில் ஹாலில் என்ன சூடு இருக்குமோ அதே சூட்டில்தான் சுருதி சேர்க்க வேண்டும். குழாய் அறைகளின் கதவுப் பலகைகளை முன்கூட்டியே திறந்துவைத்து உள்ளேயும் அதே சூடு வரவிடாவிட்டால் உழைப்பு வீண்.

இப்போது உன் பெட்டி. வினிகர் கலந்த வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, ஒட்டிய இடத்தில் பொறுமையாக வை. பசை வெளுத்து இளகியதும் மொட்டைக் கத்தியால் வழி. மரம் நன்றாகக் காயட்டும். வஜ்ஜிரம் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு, ராத்திரி ஊறவை. காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 டிகிரி செல்சியஸில் கரை. கொதித்தால் ஒட்டும் சக்தி போய்விடும். ஆட்டுத்தோலின் ஓரத்தை மெல்லிசாகச் சீவிவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஒட்டிவிடு.

துருத்தி மடிப்பின் நீள அகலத்தை எழுது, இங்கிருந்து தோல் வாங்கி அனுப்புகிறேன். அதுவரை அதைத் தொடாதே.

அன்புடன்,
உன் மாப்ளே