ஷூவையும் பல்பையும் வரைந்த அரூப ஓவியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

அடையாளம் தெரிகிற உருவம் இல்லாமல் வண்ணத்தையும் கோட்டையும் வைத்தே வரையும் அரூப ஓவியர்களுக்குச் சாதாரணப் பொருட்களை வரைய வராது, அதனால்தான் வண்ணத்தை அள்ளிப் பூசுகிறார்கள் என்கிறது உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை. ஏற்க முடியவில்லை. அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1950களில் அரூப ஓவியத்தில் பெரிய பெயர் எடுத்தவர், 1960களின் கடைசியில் ஷூ, புத்தகம், பல்பு, கடிகாரம் என்று ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னப் பலகைகளில் வரைய ஆரம்பித்தார்.

அவர் வரைந்த புத்தகத்தைப் பாருங்கள்: செங்கல் மாதிரி ஒரு கனத்த கட்டி, எழுத்துக்குப் பதில் வரிசை வரிசையாகக் குட்டைக் கோடுகள், அவ்வளவுதான், ஆனாலும் அது புத்தகம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஷூ என்றால் அடிப்பாகம் நம் பக்கம் திரும்பியிருக்கும், அடித்த ஆணிகூடத் தெரியும். சிவப்பும் இளஞ்சிவப்பும், அந்தத் தடித்த தூரிகைத் தடமும் அரூபக் காலத்திலிருந்து அப்படியே வந்தவை.

1970ல் நியூயார்க்கின் மார்ல்பரோ கேலரியில் புதிய ஓவியங்களை வைத்தபோது விமர்சகர்கள் பலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மனிதர் அசரவில்லை, 1980ல் இறக்கும்வரை அந்த வழியிலேயே போனார். அரூபத்தில் அத்தனை வருடம் ஊறியிருக்காவிட்டால் அந்த ஷூவை அவர் வரைந்திருக்கவே முடியாது என்பது என் கட்சி. அடுத்த முறை இப்படிக் கட்டுரை போட்டால், அப்புறம், ஓவியங்களையும் தயவுசெய்து வண்ணத்தில், பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை